பயணத்தின் கடைசி ஊராகப் பினாங்கு: ஜார்ஜ் டவுன் சாப்பாடும் தெருக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து என்று நீண்ட நாள் சுற்றிவிட்டு ஊர் திரும்பப் போகிறவர்கள், கடைசிச் சில நாட்களை எங்கே கழிக்கலாம் என்று கேட்பதுண்டு. நானும் ஹனோயிலிருந்து தரைவழியாகவே தெற்கே இறங்கி, மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனில் பயணத்தை முடித்தவன். அதற்குப் பிறகு நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஏன் பினாங்கு? பாங்காக்கோ சிங்கப்பூரோ போதாதா?

போதும்தான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்து களைத்த உடம்புக்குப் பெரிய நகரம் இன்னொரு வேலையாகிவிடும். எந்த ரயில், எந்த வாசல், எங்கே மாறுவது என்று மறுபடியும் திட்டம் போட வேண்டியிருக்கும். ஜார்ஜ் டவுனின் பழைய பகுதியை நடந்தே சுற்றிவிடலாம். தங்கும் இடத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் காலையில் ரொட்டி, மதியம் லக்சா, இரவில் மீ (இரண்டும் நூடுல்ஸ் வகை) என்று ஏதாவது ஒரு கடை திறந்திருக்கும்.

எனக்குப் பெரிதாகப் படும் காரணம் வேறு. வழியெல்லாம் தனித்தனியாகப் பார்த்துவிட்டு வந்தவை இங்கே ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பர்மா லேன் என்ற சிறு தெருவுக்குப் போங்கள். ஒரு பக்கம் 1803-ல் தொடங்கிய பர்மியக் கோயில், நேர் எதிரே படுத்த நிலையில் பெரிய புத்தர் இருக்கும் தாய்லாந்துக் கோயில். இரண்டு நாட்டையும் கடந்து வந்தவர்களுக்கு அந்தத் தெருவில் நிற்பதே தனி அனுபவம். 1786-ல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கைப்பற்றி, சுங்கவரி இல்லாத துறைமுகமாக்கினார். ஹொக்கியன் சீனர், தியோச்சியூ சீனர், தமிழ் முஸ்லிம்கள், செட்டியார்கள், ஆச்சே வணிகர்கள், ஆர்மீனியர்கள் எல்லாரும் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சமையல்தான் இன்று நாம் சாப்பிடுவது. 2008-ல் மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ் டவுனையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

குறைந்தது நான்கு இரவு. ஒரு வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. இரண்டே நாள்தான் இருக்கிறது என்றால் மலை, கடற்கரை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பழைய ஊருக்குள்ளேயே இருங்கள்.

தாய்லாந்திலிருந்து தரைவழியாக எப்படி வருவது?

பாங்காக்கிலிருந்து மாலையில் கிளம்பும் இரவு ரயில், மறுநாள் காலை எல்லையில் இருக்கும் பாடாங் பெசார் நிலையத்துக்கு வந்து சேரும். தாய்லாந்து, மலேசியா இரண்டின் குடிநுழைவு அலுவலகங்களும் அந்த நிலையத்திலேயே இருக்கின்றன. மலேசிய நேரம் தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால். அதை மறந்துவிட்டால் அடுத்த ரயிலைத் தவறவிட வாய்ப்புண்டு. அங்கிருந்து மலேசிய ரயில்வேயின் கேடிஎம் கொமூட்டர் ரயிலில், தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த், பிறகு ஃபெர்ரி.

பினாங்குக்கு இரண்டு பாலங்கள் இருந்தாலும் முதல் முறை வருகிறவர்கள் ஃபெர்ரியிலேயே வாருங்கள். கால் மணி நேரம் போல ஆகும். துறைமுகமாகப் பிறந்த ஊரைக் கடல்வழியாக வந்து பார்ப்பதுதான் சரி. இறங்கினால் பழைய ஊர் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்கு இடிஎஸ் ரயில் சுமார் நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் சேர்க்கும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். தரைவழியாக வருகிறவர்கள்தான் இதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

எந்தப் பகுதியில் தங்கலாம்?

சூலியா தெரு, ஆர்மீனியன் தெரு, லவ் லேன் சுற்றுப்பகுதி. பழைய கடைவீடுகளை விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். லவ் லேனில் இரவு மதுக்கடைச் சத்தம் இருக்கும், தூக்கம் முக்கியம் என்றால் இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். 'பத்து ஃபெரிங்கி' என்ற கடற்கரைப் பகுதியின் விடுதிகள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் சாப்பாட்டுக்காக ஒவ்வொரு வேளையும் ஊருக்குள் வர வேண்டியிருக்கும்.

முதல் நாள் என்ன செய்வது?

துணி துவையுங்கள். 'டோபி' என்று பலகை போட்ட, நாணயம் போட்டால் ஓடும் இயந்திரங்கள் வைத்த சலவைக் கடைகள் நிறைய உண்டு. பிறகு தூங்குங்கள். வெயில் தாழ்ந்ததும் கடைவீடுகளின் முன்னால் ஓடும் நடைத்தாழ்வாரங்கள் வழியாக மெதுவாக நடங்கள். 'ஐந்தடி வழி' என்று அவற்றைச் சொல்வார்கள். கீழே பூவேலை ஓடு, ஒரு வீட்டு வாசலில் ஊதுபத்தி எரியும் சிவப்பு மாடம், அடுத்த வீட்டில் மாவிலைத் தோரணம். பட்டியல் எதுவும் வேண்டாம். அடுத்து வரும் நாட்களுக்கும் என் யோசனை இதுதான்: பார்க்க வேண்டிய இடங்களை வைத்து நாளைப் பிரிக்காமல், சாப்பாட்டு நேரத்தை வைத்துப் பிரியுங்கள். இடங்கள் தானாக இடையில் வந்து விழும்.

கோப்பித்தியாமில் எப்படிச் சாப்பிடுவது? யாரிடம் ஆர்டர் கொடுப்பது?

முதல் தடவை எல்லாரும் குழம்புகிற இடம் இது. கோப்பித்தியாம் என்பது காப்பிக்கடை. கடைக்காரருக்குச் சொந்தமானது பானங்கள் மட்டும்தான். உள்ளேயும் வாசலிலும் வண்டி போட்டிருக்கும் சமையல்காரர்கள் ஒவ்வொருவரும் தனித் தொழில்காரர்கள், இடத்துக்கு வாடகை கொடுப்பவர்கள். ஒருவர் ஒரு பண்டம்தான் செய்வார், அதையே வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பார். ருசிக்குக் காரணம் அதுதான்.

முதலில் மேசையைப் பிடியுங்கள். எண் ஒட்டியிருந்தால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டிக்குப் போய் என்ன வேண்டும், எந்த மேசை என்று சொல்லிவிட்டு வந்து உட்காருங்கள். கொண்டுவந்து வைத்ததும் அங்கேயே காசு கொடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று வண்டிகளில் வாங்கினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பானத்துக்கு ஆள் மேசைக்கே வருவார். ஆளுக்கு ஒரு பானமாவது வாங்குவதுதான் முறை, உட்காரும் இடத்துக்கான வாடகையே அதுதான். சில்லறையாக ஐந்து, பத்து ரிங்கிட் தாள்கள் கையில் இருக்கட்டும். வண்டிக் கடைகளில் பெரும்பாலான தட்டுகள் பத்து ரிங்கிட்டைச் சுற்றித்தான் இருக்கும்.

காப்பி கேட்கும்போது 'கோப்பி' என்றால் கெட்டிப்பால் போட்டது. 'கோப்பி ஓ' பால் இல்லாமல் சர்க்கரையுடன். 'கோப்பி ஓ கோசோங்' சர்க்கரையும் இல்லாமல். பின்னால் 'பெங்' சேர்த்தால் ஐஸ் போட்டு வரும். கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் கறுப்பாக, கொஞ்சம் கருகிய மணத்தோடு இருக்கும். நம் ஊர் ஃபில்டர் காப்பியை எதிர்பார்த்துக் குடிக்காதீர்கள், இது வேறு சாதி.

எந்த நேரத்தில் என்ன சாப்பிடுவது?

கடைகளுக்கு அவரவர் நேரம் உண்டு. காலைக் கடை மதியம் இருக்காது, இரவுக் கடை ஆறு மணிக்கு மேல்தான் அடுப்பு மூட்டும். சரக்கு தீர்ந்தால் மணி எத்தனை என்று பார்க்காமல் மூடிவிடுவார்கள். வாராந்தர விடுமுறையும் கடைக்குக் கடை வேறு.

காலையில் கரியடுப்பில் வாட்டிய ரொட்டியும் காயாவும். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை சேர்த்துக் கிளறிய ஜாம்தான் காயா. கூடவே பாதி வெந்த இரண்டு முட்டை. அல்லது நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், நுரைக்க ஆற்றிய பால் தேநீரான தே தாரிக். மலேசியாவின் பல இனக் காலையுணவுப் பழக்கத்தை 2024-ல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அதில் அடக்கம். ஹொக்கியன் மீயும் காலையில் கிடைக்கும். இறால் தலை, பன்றி எலும்பு போட்டுக் கொதித்த சாற்றில் மஞ்சள் மீயும் மெல்லிய அரிசி சேமியாவும், மேலே காங்கோங் கீரையும் சிவந்த மிளகாய் விழுதும். கோலாலம்பூரில் இதே பெயருக்குக் கறுப்புச் சோயாவில் வதக்கிய தடித்த நூடுல்ஸ் வரும், அதை நினைத்துக்கொண்டு வராதீர்கள்.

பிற்பகல் வெயிலுக்குச் செண்டோல். பினாங்கு ரோட்டிலிருந்து பிரியும் கெங் குவீ சந்தில் 1936 முதல் இருக்கும் வண்டிதான் எல்லாருக்கும் தெரிந்தது. துருவிய ஐஸ், தேங்காய்ப்பால், பச்சை மாவு இழைகள், சிவப்பு பீன்ஸ், மேலே கருப்பட்டி நிறத்தில் குலா மலாக்கா என்ற தென்னை வெல்லப் பாகு. நின்றுகொண்டே குடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

மாலையானால் கிம்பர்லி தெரு, சூலியா தெரு, லோரோங் பாரு மூன்றிலும் வண்டிகள் வரிசையாக வந்துவிடும். சார் குவே தியாவ் சாப்பிட வேண்டிய நேரம் இது. தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், கடற்சிப்பி, முட்டை, முளைப்பயறு, பூண்டுத்தாள் போட்டுப் பெருந்தீயில் புரட்டுவது. நல்ல கைகாரர் ஒரு நேரத்தில் ஒரு தட்டுக்கு மேல் போட மாட்டார். மூன்று தட்டை ஒரே வாணலியில் போட்டால் நூடுல்ஸ் வறுபடாது, வெந்துதான் போகும். வரிசை மெதுவாக நகர்கிறது என்று எரிச்சல் படாதீர்கள், அதற்காகத்தான் வந்திருக்கிறோம்.

நாசி கண்டார் என்கிறார்களே, அது நம் சாப்பாடுதானே?

நம் ஆட்கள் அங்கே போய் உருவாக்கிய சாப்பாடு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் நீண்ட கம்பின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறுமுனையில் குழம்புப் பானையும் கட்டித் தோளில் சுமந்து, துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றுத் தொடங்கியது. இன்று பினாங்கில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் சொந்தம் கொண்டாடும் ஒரே தட்டு இதுதான் என்று சொல்லலாம். 1907-ல் தொடங்கிய ஹமீதியா உணவகம் கேம்பல் தெருவில் இன்றும் நடக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டிய கடைக்கு இரவு பத்து மணிக்கு மேல் வரிசை நிற்கும்.

பரிமாறுபவரின் கையைக் கவனியுங்கள். தட்டில் சோறு விழுகிறது. பொரித்த கோழி, வெண்டைக்காய், முட்டைக்கோஸ் என்று நீங்கள் காட்டியதை வைக்கிறார். பிறகுதான் விஷயம். மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, சோயாவில் சமைத்த கறுப்புக் குழம்பில் ஒரு கரண்டி என்று சோற்றின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிக்கொண்டே போகிறார். கை நிற்பதே இல்லை. 'பஞ்சிர்' என்று சொன்னால் சோறு மூழ்கும் அளவுக்கு ஊற்றுவார். நம் வீட்டில் சாம்பாரும் ரசமும் தனித்தனி வரிசையில் வரும். இங்கே கலப்பதுதான் சமையலே. 'எனக்கு ஒரே குழம்பு போதும்' என்று தடுத்துவிடாதீர்கள். ஐந்து குழம்பும் சோற்றுக்குள் இறங்கிக் கலந்த பிறகு வரும் அந்தச் சுவை எந்தப் பானையிலும் தனியாகக் கிடையாது.

சாப்பாட்டைப் பார்த்துவிட்டு மனக்கணக்கிலேயே விலை சொல்வார். கணவாய், மீன் சினை, பெரிய இறால், மீன் தலை இவை விலை கூடியவை. எடுக்கும் முன் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அதே மரபில் வந்தவைதான் பசெம்போரும், வறுத்த நூடுல்ஸான மீ கோரேங்கும். வெள்ளரி, இறால் வடை, டோஃபு, அவித்த உருளை, முட்டை எல்லாவற்றையும் நறுக்கி, சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் சேர்த்த இனிப்புக் காரச் சாற்றை ஊற்றிக் கொடுப்பது பசெம்போர். கர்னி டிரைவ் கடற்கரைச் சாலையில் சாப்பிடுங்கள்.

ஒரே ஒரு பண்டம்தான் சாப்பிட முடியும் என்றால்?

அசாம் லக்சா. யோசிக்காமல் சொல்வேன்.

கானாங்கெளுத்தி மீனை அவித்து முள் நீக்கி உதிர்த்து, புளியும் காயவைத்த அசாம் கெலுகோர் துண்டுகளும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்கவைத்த சாறு. அந்த அசாம் கெலுகோர் நம் குடம்புளியின் இனம்தான். தேங்காய்ப்பால் கிடையாது. கிண்ணத்தில் தடித்த வெள்ளை அரிசி நூடுல்ஸைப் போட்டுச் சாற்றை ஊற்றுவார், உடனே வடித்துப் பானையிலேயே திரும்ப விடுவார், மறுபடி ஊற்றுவார். நூடுல்ஸ் உள்வரை சூடேறுவதற்காக இப்படிச் சில தடவை. பிறகு வெள்ளரி, வெங்காயம், அன்னாசி, புதினா, கெசும் என்ற வாசனை இலை, பொடியாக நறுக்கிய இஞ்சிப்பூ மொட்டு. கடைசியாகக் கறுப்பாகக் கெட்டியாக இருக்கும் இறால் விழுது ஒரு கரண்டியில். அதைக் கரைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். புளிப்பு முதலில் வரும், காரம் பின்னால், நடுவில் இஞ்சிப்பூவின் மணம். மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இது அந்நியமே இல்லை, ஆனாலும் முன்பு எங்கேயும் சாப்பிட்டதாக இருக்காது. பல மாதம் வெளியூர்ச் சாப்பாட்டில் கழித்துவிட்டு, புளிக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இது கிடைக்கும்போது அதன் அருமை தெரியும்.

ஆயர் ஈத்தாம் சந்தைப் பகுதியும் தீவின் மேற்கே பாலிக் புலாவும் லக்சாவுக்குப் பெயர்போனவை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் கவனம் வேண்டும். காய்கறிப் பொரியல் என்று நினைப்பதில் பெலாச்சான் என்ற இறால் பசை இருக்கலாம். சாறு எல்லாம் பெரும்பாலும் எலும்போ மீனோ போட்டதுதான். வாணலியில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். ஆகவே வண்டிக் கடைகளில் 'காய்கறி மட்டும் போடுங்கள்' என்று கேட்டு வாங்கும் வழி வேண்டாம்.

லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு, தோசை, இடியாப்பம் உண்டு. பயணம் முழுக்கக் கீரையும் சோறுமாகச் சமாளித்து வந்தவர்களுக்கு அங்கே ரசம் கண்ணில் பட்டாலே போதும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். சீன பௌத்தர்கள் நடத்தும் சைவ உணவகங்கள் ஊரெங்கும் இருக்கின்றன. சார் குவே தியாவ், லக்சா, மீ எல்லாவற்றையும் இறைச்சி, மீன் இல்லாமல் செய்கிறார்கள். பல இடங்களில் வெங்காயம், பூண்டும் கிடையாது. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அங்கே கூட்டம் கூடுதல், பண்டங்களும் கூடுதல். முட்டையை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பது உங்கள் கையில் இருந்தால் ஒன்பது பேரரசர் திருவிழாவுக்கு வாருங்கள். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதம், முதல் ஒன்பது நாட்கள், நமக்குச் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபர் வாக்கில். பக்தர்கள் வெள்ளை உடுத்தி விரதம் இருப்பார்கள். கோயில்களைச் சுற்றி மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் முளைத்துவிடும். சைவம் சாப்பிடுகிற ஒருவர் பினாங்கின் எல்லாப் பண்டத்தையும் தயங்காமல் சாப்பிடக்கூடிய நாட்கள் அவை.

ஹலால், மாட்டிறைச்சி பற்றி?

நாசி கண்டார், பசெம்போர், மீ கோரேங் கடைகள் முஸ்லிம்கள் நடத்துபவை. சீன வண்டிகளில் பன்றி இறைச்சியோ கொழுப்போ இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலாய்க்காரர்கள் நடத்தும் கடைகளில் அதே குவே தியாவ் ஹலாலாகக் கிடைக்கும். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள்: 'டாகிங்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாடுதான், 'கம்பிங்' என்றால் ஆடு, 'ஆயாம்' கோழி, 'ஈக்கான்' மீன்.

பெயர்பெற்ற கடைகளில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கலாமா?

ஒன்றிரண்டு தடவை நில்லுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உலகெங்கும் உணவகங்களைத் தரம் பார்த்துப் பட்டியலிடும் மிச்லின் கையேடு 2023 பதிப்பிலிருந்து பினாங்கையும் எடுத்துக்கொண்ட பிறகு சில வண்டிகளின் முன்னால் வரிசை பெருத்துவிட்டது. ஆனால் பக்கத்து வண்டியும் பல காலமாக அதே தெருவில் நின்று பிழைத்தது. ருசி இல்லாமல் இந்த ஊரில் அப்படி நிற்க முடியாது. அலுவலக உடையில் உள்ளூர்க்காரர்கள் தனியாக வந்து சாப்பிட்டுப் போகும் கடையாகப் பாருங்கள். பிடித்துவிட்டால் மறுநாளும் அங்கேயே போங்கள். இரண்டாம் நாள் கடைக்கார அம்மா உங்களை அடையாளம் கண்டு தலையசைப்பார். மாதக்கணக்கில் தினம் ஒரு ஊரில் அந்நியராக இருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பயணம் போனவர்களுக்குத் தெரியும்.

சாப்பாடு தவிர எதைத் தவறவிடக் கூடாது?

முன்பு பிட் தெரு எனப்பட்ட, இன்றைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்துவிடுங்கள். 1818-ல் கட்டி முடித்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், புகை மண்டிக்கிடக்கும் குவான் யின் கோயில், தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நடுவே பக்கத்துத் தெருவுக்குத் திரும்பினால் 1833-ல் அமைந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. இத்தனையும் சில நூறு மீட்டருக்குள். பாங்கும் மணியும் ஊதுபத்தி வாசமும் கலந்து வரும் சாலை அது.

கூ கொங்சி என்ற குல மண்டபத்துக்குக் கட்டணம் கொடுத்து உள்ளே போவது தகும், கூரை மரச்சிற்பங்களுக்காகவே. சியோங் ஃபாட் சே மாளிகையின் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்து பூசியது. சீனக் குலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடல்மேல் மரக்கால்களில் அமைத்த குடியிருப்புகளான குலத் துறைகளில் இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன. சியூ துறைக்குப் போகிறவர்கள் சன்னல் வழியாகப் படம் எடுக்காதீர்கள், அது யாரோ ஒருவரின் அடுப்படி. சுவரோவியங்களுக்கு 2012-ல் எர்னஸ்ட் சக்கரெவிச் வரைந்த சைக்கிள் குழந்தைகள் படம்தான் தொடக்கம். வரைபடம் வைத்துத் தேடாதீர்கள், நடக்கும்போது எப்படியும் எதிர்ப்படும்.

பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில்?

ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம், இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம். 1923-ல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் காலையிலேயே ஏறிவிடுங்கள், இறங்கி வந்து லக்சா சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போங்கள். கோயிலின் ஏழுநிலைக் கோபுரத்தில் அடி சீனம், நடு தாய்லாந்து, உச்சி பர்மியம்.

தமிழ் பேசினால் சமாளிக்க முடியுமா?

லிட்டில் இந்தியாவிலும் நாசி கண்டார் கடைகளிலும் நிச்சயம். 'பசியாறிட்டீங்களா?' என்று காலையில் கேட்பார்கள், காலைச் சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். தேத்தண்ணி கலக்குகிறவரை மலாய்க்காரரும் சீனரும்கூட 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். வயதான தமிழர்களிடம் கொஞ்சம் நேரம் கொடுத்துப் பேசுங்கள். ராமநாதபுரம், கடையநல்லூர், காரைக்குடி என்று பல குடும்பங்களின் கதை நீளும். எந்த ஊர் என்று உங்களையும் கேட்பார்கள்.

எந்தத் திருவிழாவுக்கு வரலாம்?

ஒன்றுதான் என்றால் தைப்பூசம். 1894-ல் வந்த வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலைப் பகுதியில் உள்ள முருகன் கோயிலை நோக்கிப் போகும். வழி நெடுக மலைபோல் தேங்காய் குவித்து வைத்து உடைப்பார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். வழியெங்கும் பந்தல் போட்டு யார் வந்தாலும் சாப்பாடும் மோரும் கொடுக்கிறார்கள்.

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவும் தனி அழகு. ஹொக்கியன் மக்கள் வாசலில் முழுக் கரும்புகளைக் கட்டி விண்ணரசருக்குப் படைப்பார்கள். சியூ துறையில் நின்று பாருங்கள், பொங்கல் வைக்கும் நமக்கு அந்தக் கரும்பைப் பார்த்ததும் மனசு நெகிழும்.

ஊர் ரொம்ப மாறிவிட்டது என்கிறார்களே?

மாறியிருக்கிறது, மறைத்துப் பயனில்லை. 1948-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை சிறு தொழில்காரர்கள் பழைய ஊரிலேயே குடியிருந்து பிழைத்தார்கள். 2000 தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும் வாடகை ஏறி நிறையப் பேர் வெளியேறினார்கள். யுனெஸ்கோ பெயர் வந்த பிறகு காப்பிக்கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் பெருகின. சமையலைப் பொறுத்தவரை, அங்காடிக் கடைகளில் தலைமைச் சமையல்காரராக வெளிநாட்டவரை வைக்கக் கூடாது என்று 2016 முதல் மாநில அரசு தடை கொண்டுவந்தது. தடையால் ருசி நிலைக்குமா என்ற வாதம் இருக்கிறது. என் கருத்தில், கரியடுப்பு முன் பத்து மணி நேரம் நிற்கப் பிள்ளைகள் முன்வருவார்களா என்பதுதான் பெரிய கேள்வி. வயதானவர் நடத்தும் கடையில் சாப்பிடுங்கள், நன்றாக இருந்தால் அவரிடமே சொல்லுங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

தாவ் சார் பியா என்ற பாசிப்பயறு பூரணம் வைத்த சிறு பிஸ்கட், பெட்டியில் வாங்கினால் வீடு சேரும்வரை தாங்கும். சில வகையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஜாதிக்காய் ஊறுகாயும் தைலமும் இந்தத் தீவின் விளைச்சல். குலா மலாக்கா கட்டி நம் சமையலில் கச்சிதமாகப் பொருந்தும், அடைப் பாயசத்தில் போட்டுப் பாருங்கள். டுரியான் பழத்தை பாலிக் புலாவில் சீசனில், மே கடைசி முதல் ஜூலை வரை, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள். விடுதியிலும் விமானத்திலும் அனுமதிக்க மாட்டார்கள்.

கடைசி நாள் எப்படித் திட்டமிடுவது? நேரடி விமானம் உண்டா?

2024 டிசம்பரில் இன்டிகோ சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடி விமானம் தொடங்கியது. நேரமும் நாட்களும் மாறும், முன்பதிவின்போது பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கோலாலம்பூர் வழி. விமான நிலையம் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இருக்கிறது. வழியில் தொழிற்பேட்டை இருப்பதால் மாலையில் நெரிசல் கடுமை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். லக்சா விழுது, காயா ஜாம் இரண்டையும் விமானத்துக்குள் கொண்டுபோகும் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள். பெட்டி எடை ஏறிவிட்டது என்றால் பழைய செருப்பையும் கிழிந்த சட்டைகளையும் விட்டுவிட்டு, பிஸ்கட் பெட்டியை வையுங்கள்.